அப்பா அம்மா இருவரும் மிஷன் ஊழியத்துக்குப் போகிறார்கள் என்றால், அம்மாவுக்கு அங்கே என்ன வேலை?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் உதவும். கேட்டவர் ஒரே மகள், பெங்களூரில் வேலை. பெற்றோர் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 64, அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 61, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். சாம்பியாவில் ஒரு மிஷன் உறைவிடப் பள்ளியிலிருந்து 18 மாதம் வந்து உதவும்படி அழைப்பு வந்திருக்கிறது. அமெரிக்க மூத்த தம்பதிகள் ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்யும் காணொளிகளை அப்பா இரவெல்லாம் பார்த்துவிட்டு, ‘அவங்களால முடியும்னா நம்மால முடியாதா’ என்கிறாராம். மகள் கேட்பது: இந்த வயதில் அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும், நோய் நொடி வந்தால் என்ன ஆகும், எவ்வளவு செலவாகும். கடைசி வரியில், வீட்டில் 86 வயதுப் பாட்டி இருக்கிறார் என்று சொல்லி முடித்திருக்கிறார். ஆக, உண்மையில் அவர் கேட்பது ‘போக விடலாமா, தடுக்கலாமா’ என்பதுதான். அதற்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் சுற்றி வந்து.

நான் மார்த்தாண்டம்காரன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் சாம்பியாவின் வட பகுதியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கணக்கு வேலைக்காகப் போயிருந்தோம். திரும்பி வந்ததிலிருந்து, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்படிப் புறப்படுகிறவர்களோடு உட்கார்ந்து காகிதம், பணம், வீடு எல்லாவற்றையும் பேசி ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறேன். நான் டாக்டர் இல்லை, அதனால் மருந்து விஷயத்தில் நான் சொல்வதை டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விசா விதிகளும் அடிக்கடி மாறும். அதில் தூதரகம் சொல்வதே கடைசி வார்த்தை.

முதலில் அப்பா பார்க்கும் காணொளிகள். அவற்றில் பெரும்பாலானவை, மற்றவர்கள் மோர்மன் என்று சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையைச் சேர்ந்தவையாக இருக்கும். மூத்த தம்பதிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதை ஒரு முறையான ஏற்பாடாகவே நடத்துகிறார்கள் அவர்கள். 6, 12, 18, 23 மாதம் என்று தவணை உண்டு. அந்தச் சபையின் இளைஞர்களைப் போல விடியற்காலையில் இருந்து அட்டவணை, கதவைத் தட்டிப் பேசுவது என்ற கட்டாயம் மூத்தவர்களுக்குக் கிடையாது. அலுவலகம், நிவாரணப் பணி, கல்வி, பழைய ஆவணங்களைப் படம் எடுத்துப் பாதுகாப்பது, இப்படி வேலை கொடுப்பார்கள். ஆனால் சம்பளம் கிடையாது. செலவெல்லாம் தம்பதியுடையது. வெளிநாடு போகிறவர்கள் வீட்டுச் செலவுக்காகத் தர வேண்டிய தொகைக்கு 2011-ல் மாதம் 1,400 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள் என்றால், அதற்கு முன் எவ்வளவு போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதாவது அப்பா பார்ப்பது டாலரில் ஓய்வூதியம் வாங்குகிறவர்களை. அவர்களுக்குப் பின்னால் வீடு பார்த்துக் கொடுக்கவும், டாக்டரிடம் பேசவும் ஒரு பெரிய நிர்வாகம் நிற்கிறது. காணொளியில் அந்தப் பகுதி வராது.

நம் சபைகளில் அந்த அளவு ஏற்பாடு கிடையாது, ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நம் ஊருக்கு ஆள் அனுப்பிய லண்டன் மிஷன் சங்கத்தின் வாரிசாக 1977-ல் உருவான உலக ஊழியக் கவுன்சிலில் நம் தென்னிந்தியத் திருச்சபையும் உறுப்பு, சாம்பியாவின் ஐக்கிய சபையும் உறுப்பு. அனுப்புகிற சபை, வாங்கிக்கொள்கிற சபை என்ற பழைய பிரிவை விட்டுவிட்டு, எல்லாச் சபைகளும் எல்லாச் சபைகளுக்கும் ஆள் அனுப்பலாம் என்பதுதான் அதன் அடிப்படை. உங்கள் பெற்றோரின் அழைப்பு அந்த வழியாக வந்ததா, அல்லது யாரோ ஒரு போதகர் இன்னொரு போதகரிடம் பேசி வந்ததா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகையில் வீடு, படி, காப்பீடு எல்லாம் எழுத்தில் இருக்கும். இரண்டாவதில் அன்பு நிறைய இருக்கும், காகிதம் இருக்காது.

பணத்தில் ஒரு விஷயம், நம் ஊரில் பலருக்குத் தெரியாதது. ‘சேகரத்தில் ஸ்தோத்திர காணிக்கை எடுத்து மாதாமாதம் அனுப்பிவிடுவோம்’ என்று கமிட்டியில் யாராவது எழுந்து சொல்வார்கள். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பதிவு பெற்ற ஒரு தர்ம ஸ்தாபனம் தன் பணத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால், மத்திய நேரடி வரி வாரியத்தின் அனுமதி இல்லாத பட்சத்தில் அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது. ஆடிட்டர் இதைச் சொன்னதும் காணிக்கைப் பேச்சு அப்படியே அடங்கிவிடும். தனி மனிதராக நீங்கள் உங்கள் பெற்றோருக்கு அனுப்புவதில் இந்தச் சிக்கல் இல்லை. ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது, நமக்கு அவ்வளவெல்லாம் தேவைப்படாது. ஆகையால் சபை வாக்குறுதியை நம்பிக் கணக்குப் போடாமல், ஓய்வூதியமும் உங்கள் கையும் தாங்குமா என்று பாருங்கள்.

இனி நான் முக்கியம் என்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். அழைப்புக் கடிதத்தில் அம்மாவுக்கு என்ன வேலை என்று எழுதியிருக்கிறது? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ‘ஓய்வு பெற்ற தலைமையாசிரியரும் அவர் மனைவியும்’ என்றுதான் இருக்கும் போலத் தெரிகிறது. எத்தனையோ தம்பதிகளிடம் பேசிப் பார்த்ததில், போன இடத்தில் அவர்கள் வாழ்க்கை நன்றாக அமைந்ததா இல்லையா என்பதை சாப்பாடும் கொசுவும் தீர்மானிப்பதில்லை. இருவருக்கும் தனித்தனியாக வேலை இருந்ததா என்பதே தீர்மானிக்கிறது. ஒருவருக்கு மேசை, நாற்காலி, காலையில் காத்திருக்கும் ஆட்கள். இன்னொருவருக்கு ஒரு வீடு, அந்த வீட்டில் பார்க்க வேலையும் கம்மி, பேச ஆளும் கம்மி. ஊரில் இருந்தால் அடுத்த வீட்டு அக்கா, ஆலயத்தில் பெண்கள் ஐக்கிய சங்கம், கல்யாண வீடு, துக்க வீடு என்று நாள் போய்விடும். அங்கே பதினோரு மணிக்கே நாள் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். என் மனைவி தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். ஆரம்பத்தில் அவளுக்கென்று ஒன்றும் இல்லை. வார்டில் நாள்கணக்கில் கிடந்த குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற ஒரு மூலையை அவளே உண்டாக்கிக்கொண்ட பிறகுதான் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எல்லாருக்கும் அப்படி ஒரு மூலை அமையும் என்று சொல்ல முடியாது.

இது நம் மாவட்டத்துக்குப் புதிய பாடமும் அல்ல. லண்டன் மிஷன் சங்கம் அனுப்பிய சார்லஸ் மீட் 1818-லும், சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819-லும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். சங்கத்தின் ஆள் என்ற பதவி ஆண்களுக்குத்தான், அவர்கள் மனைவிமார் ‘உடன் வந்தவர்கள்’. ஆனால் பெண்பிள்ளைகளுக்கான பள்ளியும், 1820-களில் நாகர்கோவில், நெய்யூர்ப் பக்கத்துப் பெண்களின் கைக்கு வந்த லேஸ் பின்னலும் அந்த உடன் வந்தவர்களின் வேலை. லேஸை முதலில் தொடங்கியது மார்த்தா மால்ட் என்பார்கள் சிலர், மீட் அம்மையார் என்பார்கள் சிலர். யாராக இருந்தாலும், கடிதத்தில் வேலை என்று எழுதப்படாத ஒருவர் செய்தது பல குடும்பங்களுக்குப் பல தலைமுறை சோறு போட்டது. நாகர்கோவிலில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி நடத்தும் இரட்சணிய சேனையார் (சால்வேஷன் ஆர்மி) இதில் தெளிவாக இருந்தார்கள். கணவன் மனைவி இருவருமே பயிற்சி எடுத்து, இருவருமே அதிகாரிகளாகப் பட்டம் பெற்றுத்தான் வருவார்கள். அப்பா பார்க்கும் காணொளிச் சபையிலும் அழைப்பு இருவர் பெயரிலும்தான் வரும். மற்ற கொள்கைகளில் எனக்கு அவர்களோடு ஒத்துப்போகாது, இதில் அவர்கள் செய்வது சரி.

ஆனால் மீட், மால்ட் காலத்து ஆட்களோடு உங்கள் பெற்றோரை ஒப்பிடவும் கூடாது. அவர்கள் இளவயதில் வந்து இங்கேயே நரைத்தார்கள். நரைத்த பிறகு போய், ஒன்றரை வருடத்தில் திரும்புவது வேறு மாதிரியான ஊழியம். மொழி படிக்க நேரம் இல்லை, பெரிதாக எதையும் தொடங்கி நிலைநிறுத்தவும் நேரம் இல்லை. இருக்கிற ஒன்றுக்குக் கை கொடுக்கலாம், அவ்வளவுதான். அப்பா இதை ஏற்றுக்கொண்டுவிட்டாரா என்று பேசிப் பாருங்கள்.

அம்மா நர்ஸ் என்பதால் ‘அங்கே ஆஸ்பத்திரிக்குப் போய் உதவலாமே’ என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அங்கேயும் நர்சிங் கவுன்சில் இருக்கிறது. அதில் பதிவு செய்யாமல் நோயாளிக்கு ஊசி போடவோ மருந்து கொடுக்கவோ முடியாது. நம் ஊரில் வெளிநாட்டு நர்ஸ் ஒருவர் வந்து அப்படிச் செய்தால் விடுவோமா? பதிவுக்கு இங்கிருந்து சான்றிதழ்கள் போக வேண்டும், மாதங்கள் ஆகும். பள்ளி விடுதியில் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கவனிப்பது, சுத்தம், மாதவிடாய் பற்றிப் பெண்பிள்ளைகளோடு பேசுவது போன்றவற்றுக்கு அந்தத் தடை பெரும்பாலும் வராது. ஆனால் விசா எந்த வகை என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். அப்பாவைச் சார்ந்தவர் என்ற வகையில் அம்மாவுக்கு அனுமதி எடுத்தால், சம்பளம் இல்லாத வேலைகூடச் செய்யலாமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்குங்கள். இருவருக்கும் தனித்தனி அழைப்புக் கடிதம், அதில் வாரத்தில் எந்த நாள் என்ன வேலை, யாரிடம் கேட்டு நடக்க வேண்டும் என்ற விவரம். இது இல்லாமல் டிக்கெட் போட வேண்டாம் என்பது என் கருத்து.

அப்பாவின் வேலையிலும் ஒரு நெருடல் உண்டு. சாம்பியாவில் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தவர்கள் ஏராளம். 2022-ல் அரசாங்கம் ஒரே மூச்சில் 30,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களை எடுத்தது, அதே ஆண்டு மேல்நிலை வரை அரசுப் பள்ளியில் கட்டணத்தையும் நீக்கியது. பிள்ளைகள் குவிந்தார்கள், வகுப்பறை நெரிசல் இன்னும் தீரவில்லை. ஆக வகுப்பெடுக்க அந்த ஊர் ஆசிரியரே இருக்கிறார், தெற்கத்தித் தமிழன் ஒருவர் போய் அந்த நாற்காலியில் உட்கார்வது நியாயமா என்ற கேள்வி அங்கேயும் கேட்கப்படுகிறது. இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நூலகம், ஆய்வகம், விடுதிக் கணக்கு, புதிய ஆசிரியர்களுக்கு வழிகாட்டல் போன்ற வேலைகளில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நிச்சயம் பயன்படுவார். அப்பாவால் ஒரு முப்பத்தைந்து வயதுத் தலைமையாசிரியருக்குக் கீழே, அவர் சொன்னபடி வேலை பார்க்க முடியுமா? பழைய சார்வாளுக்கு இது மலேரியாவைவிடக் கஷ்டம்.

அன்றாட வாழ்க்கை எப்படி என்று கேட்டீர்கள். பயப்படுகிற அளவுக்கு இல்லை. நாட்டின் பெரும்பகுதி மேட்டு நிலம், நம் ஊர்ப் புழுக்கம் கிடையாது. ஜூன், ஜூலையில் ராத்திரி கம்பளி வேண்டும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் போகிறவர்கள் நடுங்குவார்கள். மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. மின்சாரம் பெரும்பாலும் நீர்மின் நிலையங்களை நம்பியது. 2024 வறட்சியில் கரிபா ஏரி வற்றி, நாளின் பெரும்பகுதி கரண்ட் இல்லாமல் இருந்தது, ஆகையால் சோலார் விளக்கு கட்டாயம். சாப்பாடு ன்ஷிமா, அதாவது சோள மாவுக் களி. வடக்கே மரச்சீனி மாவையும் சேர்ப்பார்கள். மரச்சீனிக் கிழங்கு நமக்குச் சொந்தக்காரன் மாதிரி, ஆனால் அதன் இலையை இடித்து, நெடுநேரம் வேகவைத்து, நிலக்கடலை போட்டுக் கறி வைப்பார்கள் என்பதை அங்கே போய்த்தான் பார்த்தேன். நன்றாகவே இருக்கும். கப்பெண்டா என்று ஏரிப் பொடிமீன் கருவாடு கிடைக்கும், நெத்திலி தின்று வளர்ந்தவனுக்கு அது போதும். அரிசியும் பருப்பும் பெரிய ஊர்களில் குஜராத்திக் கடைகளில் வாங்கலாம். எளிதில் கிடைக்காதது தேங்காய். கடல் இல்லாத நாடு. தேங்காய் அரைக்காமல் ஒன்றரை வருடம் என்பதை அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். குடம்புளி காய்ந்தது கொஞ்சம் கொண்டுபோகலாம்.

மற்றொன்று, அப்பா ‘நற்செய்தி சொல்லப் போகிறேன்’ என்று நினைத்தால் அதையும் கொஞ்சம் சரி செய்ய வேண்டும். சாம்பியா தன் அரசியல் சாசனத்திலேயே கிறிஸ்தவ நாடு என்று எழுதி வைத்திருக்கும் நாடு. ஞாயிறு ஆராதனை பாட்டும் மேளமுமாகப் பல மணி நேரம் போகும், நம் ஆலயத்தில் ஒன்றரை மணி நேரத்திலேயே வாட்சைப் பார்க்கிறவர்களுக்கு முதுகு வலிக்கும். அவர்கள்தான் நமக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். வயதுக்கு அங்கே மரியாதை உண்டு. சிறியவர்கள் கை குவித்து மெல்லத் தட்டி, முட்டி மடக்கி வணங்குவார்கள். இளைஞராகப் போகிறவரைவிட நரைத்தவராகப் போகிறவருக்கு ஊர் சீக்கிரம் திறந்துகொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் மூத்த தம்பதிக்கு அனுகூலம்தான்.

உடல்நலத்தில் நிச்சயமானவை முதலில். சாம்பியாவின் மலேரியா பெரும்பாலும் மூளை வரை போகக்கூடிய ஃபால்சிபாரம் வகை. கொசுவலையும், டாக்டர் எழுதிக் கொடுக்கும் தடுப்பு மாத்திரையும் இல்லாமல் இருக்கக் கூடாது. ஊர் திரும்பிய பிறகும் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ‘ஆப்பிரிக்காவில் இருந்து வந்தேன்’ என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டுமா என்பது போகும் பகுதியையும், நடுவில் எந்த நாட்டில் விமானம் மாறுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். சான்றிதழ் இல்லாமல், மஞ்சள் காய்ச்சல் உள்ளதாகப் பட்டியலிட்ட நாட்டிலிருந்து இந்தியாவில் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஆனால் இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பக்கவிளைவு ஆபத்து கூடுதல், ஆகவே இருவருடைய டாக்டரும் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று: பெனட்ரில் போன்ற ஒவ்வாமை, இருமல் மருந்துகளை வைத்திருந்ததற்காக அங்கே வெளிநாட்டவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் பெட்டியில் முதலில் வைப்பதே இருமல் சிரப்தான். எல்லா மருந்துக்கும் மூலப்பெயரோடு (ஜெனரிக் பெயர்) டாக்டர் சீட்டு வேண்டும், சந்தேகமானதைத் தூதரகத்தில் கேட்டுவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும்.

பெரிய வியாதி வந்தால் சாம்பியாவில் வசதி உள்ளவர்கள் தென்னாப்பிரிக்காவுக்கு விமானத்தில் கொண்டுபோவது வழக்கம். ஓய்வூதியர்களுக்கான நம் அரசுக் காப்பீடு அங்கே ஒன்றுக்கும் உதவாது. அதனால் ஏற்கனவே உள்ள ரத்த அழுத்தம், சர்க்கரையையும் சேர்த்துக்கொள்ளும், அவசர விமானச் செலவும் தரும், இறந்தால் உடலைக் கொண்டுவரவும் தரும் காப்பீடு வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பெற்றோரிடம் பேச உங்களுக்குக் கூசும். அப்பாவிடம் நேரடியாகப் பேசுங்கள், இந்த வயதுக்காரர்கள் இதைப் பிள்ளைகளைவிட நிதானமாக எடுத்துக்கொள்வார்கள்.

ஓய்வூதிய நேர்காணலுக்கு ஊருக்கு வர வேண்டியதில்லை. போனில் முகத்தைக் காட்டியே டிஜிட்டல் வாழ்வுச் சான்றிதழ் எடுக்கலாம், இல்லாவிட்டால் தலைநகர் லுசாக்காவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பலாம். புறப்படும் முன் ஆதார், போன் எண் சரியாக இருக்கிறதா என்று கருவூலத்தில் பார்த்துவிடுங்கள். வீட்டைப் பூட்டிப் போட வேண்டாம், இரண்டு பருவமழை பெய்கிற ஊரில் பூட்டிய வீடு ஒன்றரை வருடம் தாங்காது. ரப்பர் இருந்தால் பால்வெட்டைக் குத்தகைக்கு விட்டு எழுதி வாங்குங்கள். அதிகாரப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

இனி பாட்டி. போக விடலாமா என்று கேட்டால், இந்த வயதில் போகலாம், வயது தடை இல்லை. ஆனால் 86 வயதில் ஒருவர் வீட்டில் இருக்கும்போது இருவரும் ஒன்றாகப் போவதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். ஹோம் நர்ஸ் வைக்கலாம், சொந்தக்காரர் வீட்டில் விடலாம், எல்லாம் நடக்கும். ஆனால் இங்கே பாட்டிக்கு ஒரு காய்ச்சல் என்றாலும் அங்கே இருவருக்கும் தூக்கம் போய்விடும், அந்த ஊழியத்தால் யாருக்கும் பயன் இருக்காது. அழைப்பை வேண்டாம் என்று எழுத வேண்டியதும் இல்லை. ‘தள்ளிப்போட முடியுமா, அல்லது முதலில் ஆறு மாதத்துக்கு வரலாமா’ என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் என்றால் பெங்களூரில் உங்கள் வீட்டில் பாட்டியை வைத்துக்கொள்ள முடியுமா என்று நீங்களும் யோசிக்கலாம். அவர்களிடமிருந்து பதில் வந்ததும், அதில் அம்மா பெயருக்கு நேரே என்ன வேலை எழுதியிருக்கிறார்கள், அம்மாவுக்கு எந்த வகை விசா எடுக்கச் சொல்கிறார்கள் என்பதை இங்கே போடுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.